கடவுச்சீட்டு நகல் மட்டும் போதுமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் நானும் மைத்துனரும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்துகிறோம். கமிஷன் பெற்றுக்கொண்டு 140 வாடிக்கையாளர்களுக்குப் பிட்காயின், யுஎஸ்டிடி போன்ற கிரிப்டோ நாணயங்களை வாங்கியும் விற்றும் மாற்றியும் கொடுக்கிறோம். எக்செல் தாளில் பெயர், தொலைபேசி எண், தொகை ஆகியவை உள்ளன. ஒவ்வொருவரின் கடவுச்சீட்டு நகலும் இருக்கிறது. வரித்துறைக்குக் கொடுக்க இவை போதுமா?

பதில்: போதாது. வாடிக்கையாளர் சார்பில் கிரிப்டோ பரிமாற்றம் செய்து தருவதைத் தொழிலாகக் கொண்ட எவரும், எக்ஸ்சேஞ்ச் என்று பெயர் வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், 2026 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் நடைமுறையில் உள்ள கார்ஃப் (கிரிப்டோ பரிவர்த்தனை விவரங்களை வரித்துறைக்கு அறிவிக்கும் பன்னாட்டு ஏற்பாடு) விதிகளுக்கு உட்பட்டவரே. 2026ஆம் ஆண்டின் விவரங்களை பிரிட்டன் வரித்துறையான எச்எம்ஆர்சியிடம் 2027 ஜனவரி 1 முதல் மே 31க்குள் நீங்கள் தாக்கல் செய்ய வேண்டும்.

கடவுச்சீட்டு ஒருவர் எந்நாட்டுக் குடிமகன் என்பதைச் சொல்லுமே தவிர, அவர் எந்நாட்டில் வரி வதிவாளர், அதாவது வரி நோக்கில் எந்நாட்டில் வசிப்பவராகக் கருதப்படுபவர், என்பதைச் சொல்லாது. இந்த விதிகள் கேட்பதோ இரண்டாவதைத்தான். ஆகவே ஒவ்வொருவரிடமும் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, வரி வதிவிட நாடு ஆகியவற்றைக் கொண்ட சுய உறுதிமொழியைப் பெற வேண்டும். பிரிட்டன் வதிவாளரானால் தேசியக் காப்புறுதி எண் அல்லது யுடிஆர் எனப்படும் வரி செலுத்துவோர் எண்ணும், வெளிநாட்டு வதிவாளரானால் அந்நாட்டு வரி அடையாள எண்ணும் வேண்டும். இந்திய வதிவாளருக்கு அது பான் எண். படிக்க வந்த மாணவர் இரு நாடுகளிலும் வரி வதிவாளராக இருந்தால் இரண்டையும் குறிப்பிட வேண்டும். நிறுவனமாக உள்ள வாடிக்கையாளரிடம் சட்டப் பெயர், முகவரி, பதிவு எண் ஆகியவற்றோடு, சில வேளைகளில் அதைக் கட்டுப்படுத்தும் நபர்களின் விவரமும் கேட்க வேண்டியிருக்கும். வாங்கிய உறுதிமொழியைக் கோப்பில் போட்டுவிட்டு இருந்துவிடாமல், கையில் உள்ள ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; முகவரி துபாய், உறுதிமொழி லண்டன் என்றிருந்தால் விளக்கம் கேட்பது உங்கள் கடமை.

பரிவர்த்தனைப் பகுதியில் ‘தொகை’ என்ற ஒரே நிரல் உதவாது. எந்த நாணயம், எத்தனை அலகு, என்ன மதிப்பு, எந்த வகைப் பரிவர்த்தனை என்ற நான்கும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். பிட்காயினைக் கொடுத்து ஈதர் வாங்கியவருக்கு ஒன்றை விற்றதாகவும் மற்றொன்றை வாங்கியதாகவும் இருபுறமும் பதிய வேண்டும். காசு கைமாறாததால் பதிவு வேண்டாம் என்று பலர் நினைப்பது தவறு.

தாமதமான, பிழையான அல்லது முழுமையற்ற அறிக்கைக்கு ஒரு வாடிக்கையாளருக்கு 300 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். உங்கள் 140 பேருக்கும் கணக்கிட்டால் 42,000 பவுண்டு வரை வரும். விவரம் தர மறுக்கும் வாடிக்கையாளருக்கும் 300 பவுண்டு வரை அபராதம் உண்டு என்பதால், அதைக் கடிதத்தில் எழுதியே கேளுங்கள். எதற்காகச் சேகரிக்கிறீர்கள், யாருக்கு அனுப்புவீர்கள் என்பதையும் அதே கடிதத்தில் சொல்லிவிட்டால் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் கேள்விக்கும் பதிலாகிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இத்தகைய தொழிலுக்குப் பணமோசடித் தடுப்பு விதிகளின்கீழ் நிதித் துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்சிஏவிடம் பதிவு 2020 ஜனவரி 10 முதல் கட்டாயம். பதிவின்றி நடத்துவது குற்றம். உங்கள் கடிதத்தில் அது பற்றி ஒரு வரியும் இல்லை. பதிவு இல்லையென்றால், எக்செல் தாளைத் திருத்துவதற்கு முன் புதிய பரிவர்த்தனைகளை நிறுத்திவிட்டு, ஆவணங்களோடு ஒரு வழக்கறிஞரை நேரில் சந்தியுங்கள்.