கல்லா, பாறையா?

கேள்வி: “இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்” (மத்தேயு 16:18) என்றாரே இயேசு, அந்தக் கல் யார்? பேதுருவா, கிறிஸ்துவா? நான் புராட்டஸ்டண்ட், என் மனைவி கத்தோலிக்கர். பேச்சை எடுத்தாலே சண்டை.

பதில்: சண்டை முதல் வரியிலேயே தொடங்கியிருக்குமே! உங்கள் வேதாகமத்தில் ‘கல்’, அவர் வேதாகமத்தில் ‘பாறை’.

செமினரியில் படிக்கும்போது என் முதல் பிரசங்கம் இந்த வசனம்தான். “கிரேக்கத்தில் பேதுரு என்றால் பெத்ரோஸ், சின்னக் கல். பாறைக்கு பெத்ரா. ஆக, பாறை வேறு, பேதுரு வேறு” என்று கரும்பலகையில் எழுதியே காட்டினேன். பின்வரிசையிலிருந்த வயதான ஆசிரியர் முடியும்வரை பொறுத்திருந்து, “தம்பி, இயேசு பேதுருவிடம் கிரேக்கத்திலா பேசினார்?” என்று கேட்டார். இயேசு பேசிய அரமேய மொழியில் இரண்டுக்கும் கேபா என்ற ஒரே சொல்தான். யோவான் 1:42-ல் அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது. எனக்கு வாய் அடைத்துவிட்டது.

அதனால் அந்தச் சொல் பேதுருவைச் சுட்டுகிறது என்பதை நான் இப்போது மறுப்பதில்லை. ஆனால் ஐந்து வசனம் தள்ளிப் படியுங்கள். சிலுவை வேண்டாம் என்று தடுத்த அதே பேதுருவிடம் இயேசு, “எனக்குப் பின்னாகப்போ, சாத்தானே, நீ எனக்கு இடறலாயிருக்கிறாய்” என்கிறார். அஸ்திபாரக் கல் அதற்குள் இடறுகிற கல்லாகிவிட்டது! அப்புறம் இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலிப்பு. அந்தியோகியாவில் பவுல் முகத்துக்கு நேராகக் கண்டித்ததும் இவரைத்தான். இந்த மனிதருடைய உறுதியை நம்பியா கட்டடம் நிற்கிறது? ‘கட்டுவேன்’ என்கிறவர் யார் என்று பாருங்கள், அங்கேதான் என் நம்பிக்கை. “போடப்பட்டிருக்கிற அஸ்திபாரமாகிய இயேசு கிறிஸ்துவை அல்லாமல்” வேறொன்றைப் போட முடியாது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதும் இதைத்தான்.

பழங்காலத் திருச்சபையின் பெரிய ஆசிரியர் அகஸ்டின் கதையை மனைவியிடம் சொல்லுங்கள். முதலில் கல் பேதுரு என்றார், பிறகு பேதுரு அறிக்கையிட்ட கிறிஸ்துவே கல் என்று பலமுறை விளக்கினார். 430-ல் இறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் தம் நூல்களைத் தாமே மறுபரிசீலனை செய்தபோது, எது பொருத்தம் என்று வாசகரே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அவரே விட்டதை நீங்கள் இருவரும் சாப்பாட்டு நேரத்தில் தீர்க்க வேண்டாம். பேதுருவின் முதல் நிருபம் இரண்டாம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசியுங்கள். கல் என்று பெயர் வாங்கியவர், ‘ஜீவனுள்ள கல்’ என்று கிறிஸ்துவைச் சொல்லிவிட்டு, வாசிக்கிற எல்லோரையும் ‘ஜீவனுள்ள கற்கள்’ என்கிறார்.

கேள்வி: நான் ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்தை, ஆள் வரத்து இல்லாமல் மூடப்போகிறார்கள். அதே வசனத்தில் சபையைப் பாதாளத்தின் வாசல்கள் மேற்கொள்ளாது என்று இயேசு கொடுத்த வாக்கு என்னாயிற்று?

பதில்: வருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்த வாக்கு ஒவ்வொரு கட்டடத்துக்கும் கொடுத்ததல்ல. எபேசு சபைக்கே, மனந்திரும்பாவிட்டால் உன் விளக்குத்தண்டை நீக்கிவிடுவேன் என்ற எச்சரிக்கை வந்தது (வெளிப்படுத்தல் 2:5). 431-ல் திருச்சபையின் பெரிய சங்கம் கூடிய அந்த நகரம் இன்று துருக்கியில் இடிபாடு. சரி, ஒரு வேலை இருக்கிறது: பூட்டுவதற்குள் ஞானஸ்நானப் பதிவேடு எங்கே போகப்போகிறது என்று கேட்டு வையுங்கள்.