ஆங்கிலம் கற்க இங்கிலாந்தில் ஒரு குடும்பத்துடன் தங்குவது பயன் தருமா?

மன்னார்குடியில் பட்டப்படிப்பை முடித்த தங்கள் மகளை ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்பி, அங்கே ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கவைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்பலாம், ஆனால் பேச்சு வளர்வது வகுப்பறையைவிட அந்த வீட்டின் இரவு உணவு மேசையில்தான் என்பது என் உறுதியான கருத்து. "சாப்பிடும்போது பேசாதே" என்று கேட்டே வளர்ந்த நம் டெல்டாப் பிள்ளைகள், அன்றைய பொழுது எப்படிப் போயிற்று என்று வீட்டுக்கார அம்மா விசாரிக்கும்போது ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லித் தட்டை நோக்கிக் குனிந்துவிட்டால், எத்தனை மாதம் தங்கினாலும் பேச்சு வராது. வகுப்பில் நடந்ததை நான்கு வாக்கியமாகச் சொல்ல உங்கள் மகள் இப்போதே பழகட்டும்.

6 மாதம் வரையிலான படிப்புக்குப் பார்வையாளர் விசாவும், அதற்கு மேல் 11 மாதம் வரையிலான ஆங்கிலப் படிப்புக்குக் குறுகியகாலப் படிப்பு விசாவும் உண்டு. இரண்டிலுமே வேலை செய்ய அனுமதி இல்லை என்பதால், அங்கே சம்பாதித்து அடைத்துவிடலாம் என்று நம்பி நிலத்தை அடகு வைத்துவிடாதீர்கள்.

குடும்பத்துடன் தங்குவதற்கான விண்ணப்பத்தில் சைவம் என்று மட்டும் எழுதாமல், இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றில் எவை கூடாது என்பதைத் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் குளியலறைத் தரையில் வடிகால் இருக்காது. ஆகவே குளியல் தொட்டிக்குள் நின்று, அதன் ஓரத்தில் தொங்கும் திரையின் அடிப்பகுதியைத் தொட்டியின் உள்பக்கமாக விட்டுத்தான் குளிக்க வேண்டும். பம்புசெட்டில் குளித்துப் பழகியவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லித்தர வேண்டும். தமிழ் பேசும் வேறு மாணவர் இல்லாத வீடாகத் தருமாறும் அங்குள்ள ஆங்கிலப் பள்ளியிடம் கேளுங்கள்.