சம்பளமும் விளம்பரத்தில், கடனும் விளம்பரத்தில்: நகையை வைத்து ஆவரேஜ் பண்ணலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. சென்னையில் ஒரு விளம்பர ஏஜென்சியில் மீடியா பிளானிங் வேலை. கைக்கு 78,000 ரூபாய் வருகிறது. பள்ளிக் கட்டணம் சேர்த்து வீட்டுச் செலவு 52,000. ஜீ டிவி நிறுவனத்தோடு இணையும் ஒப்பந்தத்திலிருந்து சோனி பின்வாங்கி ஜீ பங்கு விழுந்தபோது, 4 லட்சம் பெர்சனல் லோன் (14%, 48 மாதம்) எடுத்து 160 ரூபாய்க்கு 2,500 பங்கு வாங்கினேன். 24 தவணை முடிந்துவிட்டது. ஜூன் 2025இல் ஜீயின் புரமோட்டர்கள் (நிறுவனர் குடும்பம்) பணம் போடுகிறார்கள் என்ற செய்தியைப் பார்த்து, எம்டிஎஃப் (பங்கு வாங்கப் புரோக்கரே கடன் தரும்) வசதியில் 143 ரூபாய்க்கு மேலும் 1,600 பங்கு வாங்கினேன். அதில் புரோக்கர் கடன் 1.5 லட்சம், வட்டி 15%. விலை இறங்க இறங்க இரண்டு முறை மார்ஜின் (கடனுக்கு ஈடாகக் கூடுதல் பணம்) கேட்டார்கள், 45,000 கட்டினேன். இப்போது விலை 90 ரூபாய்க்குப் பக்கம். இன்னும் 25,000 கேட்கிறார்கள். ஆம்னிகாம் என்ற உலக விளம்பரக் குழுமம், இன்டர்பப்ளிக் என்ற இன்னொரு குழுமத்தை வாங்கிய பிறகு எங்கள் அலுவலகத்திலும் ஆள் குறைப்புப் பேச்சு ஓடுகிறது. மனைவியின் 8 பவுனை வைத்து 4 லட்சம் வாங்கி ஆவரேஜ் பண்ணினால் (இறங்கிய விலையில் மேலும் வாங்கிச் சராசரி விலையைக் குறைத்தால்) சீக்கிரம் வெளியே வந்துவிடலாமா? இது போக மியூச்சுவல் ஃபண்டில் 4 லட்சம் (அதில் லாபம் 1.1 லட்சம்), வங்கியில் 30,000 இருக்கிறது.

பதில்: வேண்டாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

ஜீ நல்ல பங்கா, மோசமான பங்கா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. உங்கள் கடிதத்தில் இரண்டு செய்திகள், இரண்டு கடன்கள் இருக்கின்றன. மூன்றாவது செய்தி வந்திருக்கிறது, மூன்றாவது கடனுக்குத் தயாராகிவிட்டீர்கள். ஒவ்வொரு முறையும் துறைச் செய்தி ஒன்று வருகிறது, ‘இது எனக்குத் தெரிந்த துறை’ என்ற தைரியம் வருகிறது, அன்றைக்கே கடன் வாங்கிவிடுகிறீர்கள். விலை சரிந்ததைவிட இந்தப் பழக்கம்தான் உங்களை அதிகம் கடித்திருக்கிறது.

அந்தச் செய்திகள் என்ன ஆயின? 2024 ஜனவரி 22 அன்று சோனி ஒப்பந்தத்தை முறித்தது; அடுத்த வர்த்தக நாளில் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. அன்று மலிவு என்று தோன்றியது, இணைப்பு நடக்கும் என்ற நம்பிக்கை கழன்ற பிறகு மிஞ்சிய விலை. 2025 ஜூனில் புரமோட்டர் தரப்புக்கு வாரன்ட் (பின்னால் குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை) கொடுத்து 2,237 கோடி திரட்டும் திட்டம் வந்தது. ஜூலையில் அது பங்குதாரர் வாக்கெடுப்புக்குப் போனபோது 75% ஆதரவு தேவைப்பட்டது. சுமார் 60 சதவீதம்தான் கிடைத்தது, திட்டம் தோற்றது. நீங்கள் வாக்கெடுப்புக்கு முன்பே வாங்கிவிட்டீர்கள், அதுவும் கடனில். முடிவு தெரியாத ஒன்றுக்கு 15% வட்டி கட்டிக் காத்திருந்தீர்கள்.

ஆவரேஜ் கணக்கைப் பார்ப்போம். கையில் 4,100 பங்கு, போட்டது 6.29 லட்சம், சராசரி 153 ரூபாய். 4 லட்சத்துக்கு 90 ரூபாயில் சுமார் 4,440 பங்கு வரும். புதுச் சராசரி 120. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 90லிருந்து 120 வரவே விலை 33% ஏற வேண்டும். அதற்குள் 10 ரூபாய் இறங்கினால் இன்று 41,000 போகும். ஆவரேஜ் பண்ணிய பிறகு 85,000 போகும். நகைக்கடன் வட்டி 11% என்று வைத்தாலும் வருடம் 44,000 தனி.

இருக்கும் கடனுக்கே அடுத்த 12 மாதத்தில் பெர்சனல் லோன் வட்டி சுமார் 25,000, எம்டிஎஃப் பாக்கி 1.05 லட்சத்துக்கு சுமார் 15,700 ஆகும். ஜீ 2024-25க்குக் கொடுத்த டிவிடெண்ட் பங்குக்கு 2.43 ரூபாய். அதையே மறுபடி கொடுத்தாலும் உங்களுக்கு வருவது பத்தாயிரத்துக்குள்தான். மிச்சம் முப்பதாயிரம் உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது.

இனி ‘தெரிந்த துறை’ விஷயம். பெரிய நுகர்பொருள் கம்பெனி ஒன்று டிவி பட்ஜெட்டைக் குறைத்தால் சேனலின் வருமானம் குறையும், அதே காலாண்டில் உங்கள் ஏஜென்சியின் கமிஷனும் குறையும். 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்தபோது, சேனல், ஏஜென்சி இரண்டுமே ஒரே வாடிக்கையாளரை இழந்தன. ஆம்னிகாம்-இன்டர்பப்ளிக் இணைப்பு 2025 நவம்பரில் முடிந்ததும் டிடிபி, எஃப்சிபி போன்ற பழைய ஏஜென்சிப் பெயர்களையே எடுத்துவிடுவதாகவும் சுமார் 4,000 வேலைகள் போகும் என்றும் அறிவித்தார்கள். உங்கள் சம்பளம் ஆட்டம் காணும் அதே மாதத்தில் உங்கள் பங்கும் ஆட்டம் காணும். துறைக்கு வெளியே இருப்பவராவது துணிந்து பார்க்கலாம், நீங்கள் கூடாது.

ஒரு இடைச்செருகல்: வேலையில் கிடைக்கும் வெளிவராத தகவலை வைத்து (எந்தக் கம்பெனி எந்தச் சேனலோடு எவ்வளவுக்கு ஒப்பந்தம் என்பது போல) அந்தப் பட்டியலிட்ட நிறுவனங்களின் பங்கை வாங்கி விற்றால், பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் உள்வணிக விதிகளில் மாட்ட வாய்ப்புண்டு.

‘மீடியா பத்து வருடமாக அடிவாங்கிவிட்டது, இனி ஏற வேண்டியதுதான்’ என்று யூடியூபில் சொல்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. நிஃப்டி மீடியா குறியீடு பத்தாண்டுக்கு முன் இருந்ததைவிட வெகு கீழே கிடக்கிறது. விளம்பரப் பணம் கூகுளுக்கும் மெட்டாவுக்கும் நகர்ந்ததே அதற்குப் பெரிய காரணம். அந்த நகர்வு நின்றுவிடவில்லை. இந்தத் துறையில் மட்டும் போடும் தீம் ஃபண்ட், பங்குக் கூடை என்று எதை விற்க வந்தாலும் கதவைச் சாத்துங்கள்.

செய்ய வேண்டியது இது. 25,000 மார்ஜினைக் கட்டாதீர்கள். கெடுவுக்குள் எம்டிஎஃப் பங்குகளை நீங்களே விற்றுவிடுங்கள். புரோக்கர் விற்றால் அந்த நேரத்துச் சந்தை விலைக்குத் தள்ளிவிடுவார், நீங்கள் லிமிட் விலை (இதற்குக் கீழே விற்காதே என்ற வரம்பு) போட்டு இரண்டு மூன்று தவணையாக விற்கலாம். விற்ற பணம் முதலில் எம்டிஎஃப் கடனில்தான் கழியும். பணப் பட்டுவாடா அடுத்த வர்த்தக நாளில். அதுவரை வட்டி ஓடும். மற்ற 2,500 பங்கையும் அதே வாரத்தில் விற்றுவிடுங்கள். அவற்றையும் மார்ஜினுக்காக அடகு வைத்திருந்தால், முதலில் செயலியில் அன்பிளெட்ஜ் (அடகு விடுவிப்பு) கோரிக்கை போட வேண்டியிருக்கலாம். கடைசியாக, கணக்கில் எம்டிஎஃப் வசதியையே நீக்கச் சொல்லுங்கள். அந்தப் பொத்தான் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் அடுத்த செய்தியில் கை போய்விடும்.

மொத்தம் 3.69 லட்சம் வரும். 1.05 லட்சம் போக 2.64 லட்சம் மிஞ்சும். பெர்சனல் லோன் பாக்கி 2.28 லட்சம். உடனே அடைத்துவிடலாம் என்றுதான் கை துடிக்கும். இப்போது அடைக்காதீர்கள். வேலை போய்விட்டால் எந்த வங்கியும் உங்களுக்குப் புதிதாகக் கடன் தராது. கையிருப்போடு சேர்த்து 2.94 லட்சம் இருந்தால், தவணை 10,930, வீட்டுச் செலவு 52,000 இரண்டையும் நாலரை மாதம் தாக்குப்பிடிக்கலாம். பணத்தை எப்போது வேண்டுமானாலும் உடைக்கக்கூடிய வைப்பில் போடுங்கள். 14 சதவீதத்துக்கும் வைப்பு வட்டிக்கும் உள்ள வித்தியாசம் மாதம் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வரை. வேலைக்கான காப்பீட்டுப் பிரீமியம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அலுவலக நிலவரம் தெளிந்தால் அடைக்கலாம். அதற்கு முன் முன்கூட்டி அடைக்கும் கட்டணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: 3% என்றால் ஜிஎஸ்டி சேர்த்து இன்றைய பாக்கிக்குச் சுமார் 8,000 வரும்.

வரியில் ஒரு சிறு ஆறுதல் உண்டு. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த 2,500 பங்கில் சுமார் 1.75 லட்சம் நீண்டகால நஷ்டம். 1,600 பங்கை ஓராண்டுக்குள் விற்றால் சுமார் 85,000 குறுகியகால நஷ்டம். நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டுமே கழிக்கலாம். குறுகியகால நஷ்டத்தை இரண்டிலும் கழிக்கலாம். எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் செல்லலாம், ஆனால் ஐடிஆர்-2 என்ற வருமான வரிப் படிவத்தில் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். இதே நிதியாண்டில் மியூச்சுவல் ஃபண்டை மட்டும் விற்றுவிடாதீர்கள். அது ஓராண்டு தாண்டிய பங்குசார் ஃபண்டாக இருந்தால், அந்த 1.1 லட்சம் லாபம் 1.25 லட்சம் விலக்குக்குள் அடங்குவதால் எப்படியும் வரி இல்லை. ஆனால் விதிப்படி நஷ்டத்தை முதலில் அதில்தான் கழிப்பார்கள், 1.1 லட்சம் நஷ்டம் பயனில்லாமல் தீர்ந்துவிடும்.