சிங்கப்பூர் கோர்ட் டிகிரி இங்கே செல்லுமா?

கேள்வி: சிங்கப்பூரில் நண்பருடன் கூட்டாகத் தொழில் செய்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஊர் திரும்பிவிட்டேன். போன வருடம் அவர் அங்கே உயர் நீதிமன்றத்தில் என் மேல் பண வழக்குப் போட்டார். சம்மன் வந்தது, நான் போகவில்லை. இப்போது நான் ஆஜராகாமலே எக்ஸ்பார்ட்டி டிகிரி (ஒருதலைத் தீர்ப்பாணை) வாங்கிவிட்டார். ‘வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லாது’ என்கிறார் மைத்துனர். நம்பலாமா?

பதில்: மைத்துனர் பேச்சை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். அமெரிக்கத் தீர்ப்பு என்றால் அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. அதை வைத்து இங்கே புதிதாக வழக்குப் போட்டாக வேண்டும், அதுவும் 3 ஆண்டுக்குள். சிங்கப்பூர் கதை வேறு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 44-ஏ பிரிவின்கீழ், ‘இந்த நாட்டு டிகிரியை இங்கே நேரடியாக நிறைவேற்றலாம்’ என்று அரசு அறிவித்த நாடுகளில் அதுவும் ஒன்று. பிரிட்டன், மலேசியாவும் உண்டு. 2020-இல் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்துவிட்டது. டிகிரியின் சான்றிட்ட நகலை உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் போட்டு, நேரே ஜப்தி வரை வந்துவிடலாம்.

சரி, தப்பிக்க வழி? அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த நீதிமன்றத்துக்கு உங்கள் மேல் அதிகாரமே இல்லை என்று காட்டினால் டிகிரி இங்கே நிறைவேறாது. இதற்கான அளவுகோலைச் சென்னை உயர் நீதிமன்றம் 1914-லேயே வகுத்துவிட்டது. நீங்கள் அந்த நாட்டுக் குடிமகனா, வழக்குப் போட்டபோது அங்கே குடியிருந்தீர்களா, நீங்களாக ஆஜரானீர்களா, ‘அந்த நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தீர்களா என்று பார்ப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நீங்கள் சோம்பலில் போகாமல் இருந்ததுகூட இங்கே உதவலாம். என் கட்சிக்காரர் ஒருவர் வெளிநாட்டில் வக்கீல் வைத்து முழு வழக்கையும் நடத்தினார். தோற்ற பிறகு ‘அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை’ என்று என்னிடம் வந்து நின்றார். நான் என்ன செய்ய?

ஆனால் கூட்டு ஒப்பந்தத்தில் ‘தகராறு வந்தால் சிங்கப்பூர் நீதிமன்றம்’ என்று ஒரு வரி இருந்தால் இந்த வாதம் படுத்துவிடும். பெரும்பாலும் அது கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும், கையெழுத்துப் போடும் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை.

அப்படி இருந்தாலும் இன்னொரு பிடி உண்டு. சாட்சியம் எதையும் பார்க்காமல், நீங்கள் வரவில்லை என்பதற்காகவே தீர்ப்புச் சொல்லியிருந்தால், அது வழக்கின் தகுதியைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு ஆகாது, இங்கே நிறைவேறவும் செய்யாது. 2001-இல் உச்ச நீதிமன்றமும் இப்படித்தான் சொன்னது. எக்ஸ்பார்ட்டி என்பதாலேயே செல்லாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஆவணங்களைப் பார்த்துத் தீர்மானித்திருந்தால் அது செல்லும்.

ஆகவே ஒப்பந்தம், டிகிரி இரண்டின் நகலையும் எடுத்துக்கொண்டு உடனே ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள். அப்புறம், இங்குள்ள நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தால், அதையாவது கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டு ஆஜராகுங்கள்.