அப்புறம் சொல்றேன்

ஐயா,
எங்கள் ஊரில் மாதாமாதம் புத்தகக் கூட்டம் நடத்துகிறோம். போன மாதம் காது கேளாத இளைஞர்கள் இருவர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். இரண்டு பேருக்காகச் சைகைமொழி பெயர்ப்பாளரை அமர்த்துவது கட்டுப்படியாகுமா? புத்தகத்தை அவர்கள் வீட்டிலேயே வாசித்துக்கொள்ளலாமே?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர்கள் எழுந்து போனதைக் கவனித்தீர்களே, அதற்காக உங்களைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. கடைசி வரிக்காகத் திட்டவும் தோன்றுகிறது. கூட்டத்துக்கு வருகிற மற்றவர்களுக்கும் வாசிக்கத் தெரியும்தானே? அவர்கள் ஏன் வருகிறார்கள்?

செலவா? ஒரு மாதம் சால்வையும் மாலையும் வேண்டாம் என்று வையுங்கள். சரி, அதை விடுங்கள்.

என் பெரியம்மா மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்போம். அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். என் சட்டையை இழுத்துப் புருவத்தை உயர்த்துவார். 'அப்புறம் சொல்றேன்' என்று கையைக் காட்டுவேன். ஒரு தடவைகூட அப்புறம் சொன்னதில்லை. சட்டையை இழுப்பதை அவர் எப்போது விட்டார் என்றுகூட எனக்கு நினைவில்லை.

அவர் படித்த பள்ளியில் கையை அசைத்தால் பிரம்படி. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு வாயால் பேசவேண்டும். 1880-இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சிலேயே பாடம் நடத்தவேண்டும் என்று தீர்மானம் போட்டது. அங்கே ஓட்டுப் போட்டவர்கள் அநேகமாக எல்லோரும் காது கேட்பவர்கள். அந்தப் பிடிவாதம்தான் நம்மூர் வகுப்பறை வரை வந்தது.

கண்ணாடி முன் நின்று சத்தம் வராமல் 'பாடு', 'மாடு' என்று சொல்லிப் பாருங்கள். 'படம்', 'மடம்'. 'பணம்', 'மணம்'. உதட்டில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? 'க' தொண்டைப் பக்கம் பிறக்கிறது, வெளியே தெரியவே தெரியாது. இப்படி ஊகித்து ஊகித்து ஒரு குழந்தை எவ்வளவு தமிழ் கற்கும்? அண்ணன் செய்தித்தாளில் தலைப்பைத் தாண்டமாட்டார். அவர் கெட்டிக்காரர், மொழி ஊறவேண்டிய வயதில் வீட்டில் நாங்கள் யாரும் அவருக்குப் புரிகிற எந்த மொழியிலும் பேசவில்லை. விடுதியில் பிள்ளைகள் ஒளிந்து ஒளிந்து கையால் பேசிக்கொண்டதில்தான் அவருக்கு ஒரு மொழி கிடைத்தது. அதற்குத் தனி இலக்கணம் உண்டு, தமிழைக் கையால் காட்டுவதல்ல அது. அதற்கென டெல்லியில் மத்திய அரசின் ஆய்வு, பயிற்சி மையம் வந்ததே 2015-இல்தான். இனி 'வாசித்துக்கொள்ளலாமே' என்று தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள்.

பெயர்ப்பாளரை இருட்டு மூலையில் நிறுத்தாதீர்கள். பேசுகிறவருக்குப் பக்கத்தில், முகத்திலும் கையிலும் வெளிச்சம் விழ நிற்கட்டும். வாசிக்கப்போகும் கவிதையை முன்கூட்டியே அவரிடம் கொடுத்துவிடுங்கள். அழைப்பிதழில் 'சைகைமொழி உண்டு' என்று அச்சடியுங்கள், தெரிந்தால்தானே வருவார்கள்? அடுத்த கூட்டத்துக்கு அண்ணனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். முன்வரிசையில் நாலு நாற்காலி போட்டு வையுங்கள், அந்த இரண்டு பேருக்கும் சேர்த்து.