யூனிஃபார்ம் போடாமலும் டிஃபென்ஸ் வேலை இருக்கு

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கிறேன். டிஃபென்ஸ் காரிடார்னு பேப்பர்ல அடிக்கடி வருதே, எங்களுக்கு நிஜமாவே வேலை இருக்கா, இல்ல வெறும் அறிவிப்புதானா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: இருக்கு தம்பி, ஆனா "காரிடார்ல வேலை"ன்னு தேடுனா ஒண்ணும் சிக்காது. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சின்னு அஞ்சு ஊரைச் சேர்த்து, ராணுவத் தளவாடத் தொழிலை வளர்க்க 2019ல தொடங்கி வச்ச திட்டம் அது, ஆள் எடுக்கறது அங்க இருக்கற கம்பெனிங்கதான். ஆவடி ஹெச்விஎஃப்ல (கனரக வாகனத் தொழிற்சாலை) டாங்க் செய்யறாங்க, 118 அர்ஜுன் மார்க்-1ஏவுக்கு 2021லயே ஆர்டர் கொடுத்தாச்சு, திருச்சியில துப்பாக்கி, அருவங்காட்டுல வெடிமருந்து. ஆனா அதே 2021 அக்டோபர்ல ஆர்டினன்ஸ் ஃபேக்டரிங்களை, அதாவது இந்த மாதிரி அரசு ஆயுதத் தொழிற்சாலைங்களை, ஏழு கம்பெனியா பிரிச்சாங்க பாருங்க, அதுக்கப்புறம் உள்ள போனா ரிட்டயர்மென்ட் வரைக்கும் கவலையில்லைங்கற அப்பா காலத்துக் கணக்கு மாறிப்போச்சு. 2025ல ஹெச்விஎஃப் 1,850 ஜூனியர் டெக்னீஷியன் கேட்டுச்சு, எல்லாமே கான்ட்ராக்ட், அதுவும் ஐடிஐ டிரேடு ஆளுங்களுக்கு. உங்க டிப்ளமோவுக்கு நேரா பொருந்தறது டிஆர்டிஓல (ராணுவ ஆராய்ச்சி நிறுவனம்) சீனியர் டெக்னிக்கல் அசிஸ்டென்ட், அதுக்கு அவங்க ஆள் எடுக்க நடத்தற சீப்டாம் பரீட்சை எழுதணும், வருஷா வருஷம் வராது. அதை நம்பி வீட்ல உக்காராதீங்க. மத்திய அரசோட அப்ரென்டிஸ் தளமான நாட்ஸ் போர்ட்டல்ல பதிஞ்சு அப்ரென்டிஸ் போங்க (வேலை உறுதின்னு யாரும் எழுதித் தர மாட்டாங்க, அனுபவம் உறுதி), கூடவே சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடற மெஷின்) புரோகிராமிங்கோ, பாகத்தை உடைக்காம குறை கண்டுபிடிக்கற என்டிடி சோதனையில லெவல் 2வோ முடிங்க, பெரிய ஃபேக்டரிக்கு பார்ட்ஸ் போட்டுக் கொடுக்கற மெஷின் ஷாப்ல மார்க் ஷீட்டை விட அதைத்தான் முதல்ல கேப்பாங்க.

கேள்வி: என் பொண்ணு பி.ஏ. தமிழ். போலீஸ், பாதுகாப்பு மாதிரி வேலைதான் வேணும்ங்கறா. தமிழ் படிச்சவளுக்கு அங்க என்ன இருக்கு?
- ஒரு அம்மா, அரக்கோணம்

பதில்: தமிழ்தான் இருக்கு அம்மா! மத்திய உளவுத்துறையான ஐபில செக்யூரிட்டி அசிஸ்டென்ட் போஸ்டுக்கு பத்தாவது போதும், ஆனா விண்ணப்பிக்கிற மாநிலத்தோட மொழி தெரிஞ்சிருக்கணும், இருப்பிடச் சான்றும் வேணும். 2025ல நாடு முழுக்க 4,987 இடத்துக்கு கூப்பிட்டாங்க. பரீட்சையோட ரெண்டாவது கட்டத்துல தமிழ்ல இருந்து இங்கிலீஷுக்கும், இங்கிலீஷ்ல இருந்து தமிழுக்கும் மொழிபெயர்க்கணும், நிறைய இன்ஜினியரிங் பசங்க திணர்றது அங்கதான். பொதுப்பிரிவுக்கு வயசு 27 வரைக்கும்தான், அதனால பி.எட்., எம்.ஏ.ன்னு தள்ளிப் போடாதீங்க. மத்திய பாதுகாப்புப் படைங்களுக்கு ஆள் எடுக்கற எஸ்எஸ்சி ஜிடி கான்ஸ்டபிள் பரீட்சையையும் 2024ல இருந்து தமிழ்லயே எழுதலாம், அதுல ஓட்டம் இருக்கு, இப்பவே காலைல எழுப்பி விடுங்க. அந்தப் படைங்கள்ல ஒண்ணான சிஐஎஸ்எஃப்போட டிரெய்னிங் சென்டர் உங்க ஊர் பக்கத்துல தக்கோலத்துலயே இருக்கு, ராஜாதித்த சோழன் பேரை வச்சிருக்காங்க, ஒருநாள் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போய் காட்டுங்களேன்.

கேள்வி: ஏஜென்ட் ஒருத்தர் ராணுவ ஃபேக்டரில பர்மனென்ட் வேலை வாங்கித் தர்றேன்னு மூணு லட்சம் கேக்கறார், பாதி முன்பணமாம். கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், திருவள்ளூர்

பதில்: ஒத்த ரூபா கொடுக்காதீங்க. ஏற்கனவே ஆன்லைன்ல அனுப்பிட்டீங்கன்னா இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு போன் போடுங்க.