ஒன்பதால் வகுத்துப் பாருங்கள்

கேள்வி: எங்கள் கடன் சங்கத்தில் மூன்று மாதமாகக் கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில்தான். 57 வயது சீனியர் கிளார்க் ஒருவர் மட்டும் பேரேட்டை மூட மறுக்கிறார். சொல்லிக்கொடுக்கப் போனால் "அப்புறம் பார்க்கலாம்மா" என்று நழுவுகிறார். நான் செயலாளர், அவரைவிட இருபது வயது சின்னவள். என்ன செய்வது ஐயா?
ஒரு வாசகி, கரூர்

பதில்: எங்கே வைத்துச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லையே அம்மா. கவுன்ட்டரில், உறுப்பினர்கள் பார்க்கவா? அப்படியானால் அவர் நழுவத்தான் செய்வார்.

நான் வங்கியில் இருந்தவன். இயந்திரம் நுழைவது பற்றி 1983-ல் ஊழியர் சங்கங்களோடு ஒப்பந்தம், 1984-ல் ரங்கராஜன் குழு அறிக்கை என்று மேலே ஏற்பாடெல்லாம் நடந்தது. எங்கள் கிளையில் பெட்டி வந்து இறங்கியது தொண்ணூறுகளில். சேமிப்பு லெட்ஜர் பார்த்தவர், கையெழுத்தைப் பார்த்தே கணக்கு எண் சொல்வார். அவர் கீபோர்டைத் துண்டால் மூடிவிட்டு, பக்கத்தில் லெட்ஜரை விரித்து எழுதிக்கொண்டிருந்தார். சர்க்குலரைக் காட்டி அதட்டிப் பார்த்தேன். வேலைக்காகவில்லை.

அரையாண்டு வட்டி வந்தது. அப்போதெல்லாம் 10-ம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் நடுவில் இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. (2010 ஏப்ரலில்தான் தினசரி இருப்புக்கு மாறியது.) ஒரு மாதக் கூட்டலில் கம்ப்யூட்டருக்கும் லெட்ஜருக்கும் 180 ரூபாய் இடித்தது. பையன்கள் இரண்டு நாள் தேடினார்கள். இவர் எட்டிப் பார்த்து, "ஒன்பதால வகுபடுதே, எங்கயோ இலக்கம் இடம் மாறியிருக்கு" என்றார். 1,530-ஐ 1,350 என்று தட்டியிருந்தார்கள்!

மறுநாளே பதிவுகளைச் சரிபார்க்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தேன். சரிபார்க்கத் திரையைத் திறந்துதானே ஆகவேண்டும்? காலையில் ஷட்டர் தூக்குவதற்கு முன்னால், நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்தோம். பாஸ்வேர்டைக் கண்ணாடிக் கூட்டுக்குள் எழுதி வைத்திருந்தார். பார்த்தும் பார்க்காததுபோல் விட்டது என் தப்புதான்.

எல்லோரும் அப்படி வழிக்கு வந்துவிடவில்லை. இன்னொருவர் 2001-ல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நீங்கள் பேரேட்டைப் பிடுங்காதீர்கள். தினமும் கம்ப்யூட்டர் இருப்பைப் பேரேட்டோடு ஒத்துப்பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மார்ச் 31-க்குப் பிறகு பேரேடு கிடையாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். இரட்டை வேலை யாராலும் வருஷக்கணக்கில் முடியாது. சொல்லித்தருவதைச் சாயங்காலம், கூட்டம் கலைந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். திரையில் எழுத்து சின்னதாக இருந்தால் முதலில் அதைப் பெரிதாக்குங்கள். 57 வயதில் கண் தெரியவில்லை என்று உங்களிடம் வாய்விட்டுச் சொல்லமாட்டார்.